வான் பேசியாச்சு, காத்தோடை பேசினீரோ?

தம்பி, உந்தத் துண்டை ஒருக்கால் இஞ்சாலை தாரும் பாப்பம். பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிற மனுசன், நேரசூசி போடாமல் மூக்குச் சீறவும் மாட்டீர் எண்டு ஊருக்கே தெரியும். ‘5.30 நீர்வேலியிலிருந்து புறப்பாடு. 7.00 குறிகட்டுவான். 7.30 நயினாதீவு. 9.30 நெடுந்தீவு. 12.30 நண்டுக்கறியுடன் மதிய உணவு. 2.30 சாட்டியில் கடல்குளிப்பு. 4.30 காரைநகர் கசூரினா. 7.00 வீடு.’ ஆகா! எழுத்துப்பிழை ஒண்டும் இல்லை. ஆனால் இதை நிறைவேத்த வேணுமெண்டால் நீர் வான்காரனைப் பிடிக்கக்கூடாது, அனுமாரைப் பிடிக்க வேணும். அவரும் இலங்கைக்குத் தனியத்தான் பறந்து வந்தவர். பெரியக்கா, சின்னக்கா, ஆச்சி, ஆச்சியின்ரை மருந்துப்பெட்டி எல்லாத்தையும் தோளிலை ஏத்திக்கொண்டு வரேல்லை.

இந்த யோசினையைக் கொண்டந்து இறக்கினது பாரிசிலை இருந்து வந்து நிக்கிற உம்மடை மச்சான் எண்டு கேள்வி. குடும்பத்தோடை கரீபியன் கடலிலை கிடக்கிற குவாதலூப் தீவுக்கு லீவிலை போனவராம். அங்கையிருந்து விடியப் படகேறி, பக்கத்திலை இருக்கிற மரி-கலாந்த் எண்ட தீவைச் சுத்திப் பாத்திட்டு, செக்கலுக்கு முதல் திரும்பினவையாம். ஒரு மணித்தியாலக் கடல். கரும்புத் தோட்டம், பழைய காத்தாலை, வெள்ளை மணல். வந்து இறங்கின நாளிலை இருந்து அந்தப் படத்தைத்தான் போனிலை தள்ளித் தள்ளிக் காட்டுறாராம். ‘எங்களுக்கு மட்டும் தீவு இல்லையோ?’ எண்டு உம்மடை மனிசிக்கு ரோசம் வந்திட்டுது. நீர் துண்டும் பேனையும் எடுத்திட்டீர். தீவு என்னத்துக்கு இல்லை? சப்த தீவு எண்டு ஏழைக் கட்டி வைச்சிருக்கிறம். ஏழையும் ஒரு நாளிலை பாக்கவேணும் எண்டு மட்டும் ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை.

முதலிலை எங்கடை தரத்தை விளங்கிக்கொள்ளும். நாங்கள் செம்மண்காரர். நாலு பக்கமும் கடல் கிடக்க, நீர்வேலியான் கடலைக் காணுறது மீன்காரன்ரை பெட்டிக்குள்ளைதான். தண்ணி எண்டால் எங்களுக்குக் கிணறு. மெசினைப் போட்டால் வரும், நிப்பாட்டினால் நிக்கும். அப்பிடிப் பழகினவன் கடலுக்கும் நேரசூசி போடுவான். அது அவன்ரை பிழை இல்லை. ஆனால் கடல் உம்மடை பள்ளிக்கூடத்திலை படிக்கேல்லை. மணியடிச்சவுடனை வாயை மூடிக்கொண்டு இருக்கிற பழக்கம் அதுக்கு இல்லை.

நீங்கள் நாள் பாத்த கூத்தும் வேலிக்கு மேலாலை என்ரை காதிலை விழுந்தது. ஞாயிறு போவம் எண்டால், வான்காரன் கலியாண வீட்டுக்குப் பேசியிட்டானாம். திங்கள் உமக்குப் பள்ளிக்கூடக் கூட்டம். செவ்வாயிலை பயணம் வெளிக்கிடக்கூடாது எண்டு ஆச்சி. புதன் பன்ரண்டுக்கு ராகுகாலம், திரும்பேக்கை நடுக்கடலிலை ராகு பிடிக்கும் எண்டு பெரியக்கா. வியாழன் ஆருக்கோ சந்திராட்டமம். வெள்ளி நல்லது எண்டு முடிவெடுக்க, குஞ்சியப்பு வீட்டிலை பிள்ளை பிறந்த துடக்கு இன்னும் கழியேல்லை எண்டு சின்னக்கா ஒரு குண்டைப் போட்டா. முப்பத்தொண்டு முடியாமல் கோவில் வாசலுக்குப் போகலாமோ? நியாயமான கேள்வி. சனியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. கிழமையிலை ஏழு நாளும் தீர்ந்துபோச்சு. எட்டாம் நாள் ஒண்டு இருந்திருந்தால் அதுக்கும் ஒரு தோசம் கண்டுபிடிச்சிருப்பியள்.

பஞ்சாங்கத்தைப் பாத்த கண்ணாலை, வளவிலை நிக்கிற வாழையை ஒருக்கால் பாத்திருந்தால் அரைவாசிக் கரைச்சல் முடிஞ்சிருக்கும். வாழையிலை முழுசாய் விரிஞ்சு, விளிம்பு மட்டும் ஆடிக்கொண்டு நிண்டால் கடல் படுத்துக் கிடக்குது எண்டு அர்த்தம். நடு நரம்புவரை கிழிஞ்சு, நாடா நாடாய்த் தொங்கினால் சோளகம் எழும்பியிட்டுது. நாங்கள் குலைக்கு முட்டுக் குடுக்க ஓடுற நாளிலை, நெடுந்தீவுப் படகிலை இருக்கிறவன் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு இருப்பான். இஞ்சை இலையைக் கிழிக்கிறதும் அங்கை அலையை எழுப்புறதும் ஒரே காத்துத்தானே. இதைச் சொல்ல ஒரு வானிலை நிலையமும் தேவையில்லை. நீர்வேலியிலை வாழைக்கோ பஞ்சம்?

கணக்காய்ச் சொல்லுறன், உந்தத் துண்டின்ரை பின்பக்கத்திலை எழுதும். வைகாசி பிறக்கத் தென்மேற்கிலை இருந்து சோளகம் வரும். ஆனி, ஆடி, ஆவணி முழுக்க அவர்தான் ராசா. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வாடையும் மழையும். இடைக்கிடை புயலும் எட்டிப் பாக்கும். மாசி, பங்குனி, சித்திரையிலைதான் கடல் நல்ல பிள்ளை. ஆனால் உம்மடை மச்சானுக்குப் பாரிசிலை லீவு தாறது யூலை, ஓகஸ்டிலை. நல்லூர்க் கொடியும் அந்தக் காலத்திலைதான் ஏறும். அதாவது, வெளிநாட்டுச் சொந்தங்கள் எல்லாம் சோளகத்தோடை சோளகமாய்த்தான் வந்து இறங்குவினம். அதுக்கு ஒண்டும் செய்யேலாது. செய்யக்கூடியது ஒண்டுதான்: விடிய முதல் படகைப் பிடியும். வெயில் ஏற ஏறக் காத்தும் ஏறும். காலமை ஆறுமணிக்கு ‘இன்னும் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்’ எண்டு நிக்கிறவரை விட்டிட்டுப் போகலாம், பாவம் இல்லை. காத்துக் கடுமை, இண்டைக்குப் படகு இல்லை எண்டு இறங்குதுறையிலை சொன்னால், ‘நாங்கள் பாரிசிலை இருந்து வந்தனாங்கள்’ எண்டு வாதாடாதேயுங்கோ. சோளகத்துக்குப் பாஸ்போட் வாசிக்கத் தெரியாது.

நாளைப் பற்றி இன்னும் ஒண்டு. நயினாதீவுக்குப் போயா நாளிலையும், அதை ஒட்டின நீண்ட லீவிலையும் போகாதேயும். தெற்கிலை இருந்து நாகதீப விகாரைக்குச் சனம் பஸ் பஸ்ஸாய் வரும். ராத்திரி முழுக்க ஓடி வந்து, குறிகட்டுவான் வரிசையிலை குழந்தையைத் தோளிலை போட்டுக்கொண்டு, கையிலை பூவோடை பொறுமையாய் நிக்குங்கள். அதுகளுக்கு முன்னாலை நிண்டு ‘எங்கடை ஊர், எங்களை முதல் விடுங்கோ’ எண்டு நீர் சட்டம் கதைக்க, பிள்ளையள் பாத்துப் பழகும். ஆனியிலை அம்மன் கொடியேறினால் தேர், தீர்த்தம் வரைக்கும் எங்கடை சனமே காணும், கால் வைக்க இடம் இராது. திருவிழாவுக்குப் போறது வேறை, தீவு பாக்கப் போறது வேறை. இரண்டையும் ஒரு வானிலை ஏத்தினால் இரண்டும் பாதியிலை நிக்கும்.

சரி, எந்தத் தீவு? இதிலை மச்சானுக்கு ஒரு வேடிக்கை காட்டலாம். 1658 இலை பறங்கியிட்டை இருந்து யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச ஒல்லாந்தன், ஊர் நினைப்பிலையோ என்னவோ, எங்கடை தீவுகளுக்கெல்லாம் தன்ரை பட்டினங்களின்ரை பேரை வைச்சான். ஊர்காவற்றுறைப் பக்கம் லைடன். காரைநகர் ஆம்ஸ்டர்டாம். புங்குடுதீவு மிடில்பேர்க். நயினாதீவு ஹார்லெம். அனலைதீவு ரொட்டர்டாம். நெடுந்தீவு டெல்ஃப்ட். ஆக, ஒரு வான் பேசினால் முழு ஒல்லாந்தையும் விசா இல்லாமல் சுத்தலாம். மச்சான் போன மரி-கலாந்தின்ரை கதையும் இதுதான். 1493 இலை கொலம்பஸ் அந்தப் பக்கம் வந்து, தன்ரை கப்பலின்ரை பேரையே தீவுக்கு வைச்சிட்டுப் போனான். வந்தவன் ஒரு நாள் எட்டிப் பாத்திட்டுப் பேர் வைக்கிறது உலக வழக்கம். நீங்களும் ஒரு நாள் பாத்திட்டு வந்து ‘தீவு முழுக்கப் பாத்திட்டம்’ எண்டு சொல்லத்தானே போறியள்.

ஒல்லாந்தைச் சுத்தலாம் எண்டது பகிடிக்கு. உண்மையிலை ஒரு நாளுக்கு ஒரு தீவு. நயினாதீவுக்குக் குறிகட்டுவானிலை இருந்து கால் மணித்தியாலம், இருபது நிமிசம். நெடுந்தீவுக்கு அதே துறையிலை இருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேலை. படகும் வேறை, நேரமும் வேறை. நயினாதீவாலை நீங்கள் திரும்பி வந்து நிக்கேக்கை நெடுந்தீவுப் படகின்ரை முதுகைத்தான் பாப்பியள். காரைநகருக்கோ பொன்னாலைப் பாலத்தாலை போகவேணும். அது வேறை திசை. உம்மடை நேரசூசியிலை இரண்டு திசையும் ஒண்டுக்குப் பக்கத்திலை ஒண்டாய் நிக்குது, ஏனெண்டால் துண்டு ஒரு சாண்தான். இனி, கேக்கவேண்டிய முதல் கேள்வி ‘முதல் படகு எத்தினை மணிக்கு?’ எண்டதில்லை. ‘திரும்புற கடைசிப் படகு எத்தினை மணிக்கு?’ எண்டதுதான். அதைக் கேக்காமல் நெடுந்தீவுக்குப் போனவன் பேந்து படுக்கப் பாய் கேட்டுத்தான் திரிவான்.

வழியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கோப்பாய், இருபாலை, நல்லூர், பட்டினம். பண்ணைப் பாலத்திலை ஏறினதும் வானுக்குள்ளை ஒரு சத்தம் வரும்: ‘நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ, ஒரு செல்ஃபி!’ அங்கை அரை மணித்தியாலம். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி தாண்டி வேலணையிலை ஆச்சிக்குச் சோடா. வாணர் பாலம் வரும்; வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவிலை கிடந்த கடலை ஒரு தெருவாய் ஆக்கவேணும் எண்டு ஓடித் திரிஞ்ச வாணர் சகோதரரின்ரை பேர் அது. முந்தி அந்தத் துண்டுக்கும் வள்ளம்தான். அந்தப் பாலத்திலை ஏறேக்கை பிள்ளையளுக்கு அதைச் சொல்லும். போனை நிமிந்து பாக்க ஒரு காரணம் வேணுமே. புங்குடுதீவிலை மச்சானின்ரை சிநேகிதப்பெடியன் ஒருத்தன்ரை வீடு இருக்காம், பாரிசிலை பக்கத்து மாடியிலை இருக்கிறவனாம், ‘ஒருக்கால் எட்டிப் பாத்துப் படம் எடுத்து அனுப்புவம்’ எண்டு கேப்பார். போகேக்கை வேண்டாம். பூட்டின கேற்றும், வளவு நிறையப் பத்தையும் எங்கையும் ஓடாது, படகுதான் ஓடும். எல்லாத்தையும் திரும்பி வரேக்கை பாக்கலாம்.

துறையிலை உயிர்காப்பு அங்கி தருவினம். அதைப் போடேக்கைதான் உங்கடை குடும்பத்தின்ரை உண்மையான குணம் வெளியிலை வரும். பெரியக்கா காஞ்சிபுரம் கசங்கும் எண்டுவா. மச்சான் ‘எனக்கு நீச்சல் தெரியும்’ எண்டுவார். பாரிசிலை குளத்துக்குச் சந்தா கட்டினவர். உம்மடை மூத்த பெடியன் அதைப் போட்டுக்கொண்டு படம் எடுத்திட்டுக் கழட்டப் பாப்பான். ஒருத்தரையும் கெஞ்சாதேயும். நீர் முதல் போடும், நாடாவை இறுக்கிக் கட்டும், ஆச்சிக்கும் கட்டிவிடும். ஆச்சி போட்ட பிறகு போடாமல் நிக்கிறவரைச் சனம் பாக்கிற பார்வையே காணும். படகுக்குள்ளை நடுவிலை, தாழ்வாய் இருக்கச் சொல்லும். காலமை இறைச்சிக் கொத்தும் மாம்பழச் சாறும் உள்ளுக்கை தள்ளினவன் அணியத்திலை போய் நிண்டு கைவிரிச்சுப் படத்துக்கு நிண்டால், அவனுக்கு ஒரு பொலித்தீன் பை குடுத்துவிடும். வேறை புத்தி அவனுக்கு ஏறாது.

நயினாதீவுக்கே போறியள் எண்டு வைப்பம். ஆச்சியோடை போறதெண்டால் அதுதான் தோது. இறங்கினால் கோபுரம், நடந்தால் விகாரை. சின்னத்தீவு, காலுக்குச் சிரமம் இல்லை. நாகபூசணி அம்மனுக்குப் பூக் கொண்டுபோன பாம்பைக் கருடன் மறிச்ச கதையை ஆச்சி சொல்லுவா. கடலுக்குள்ளை பாம்பு சுத்தின கல்லும், கருடன் இருந்த கல்லும் எண்டு காட்டுவினம். அதைச் சொல்லி முடிய, மகாவம்சத்துக் கதையை நீர் சொல்லும். நாக ராசாக்கள் இரண்டு பேர், மகோதரன் மாமன், சூளோதரன் மருமகன். ஒரு மணிக்கதிரைக்காகப் படை திரட்டிக்கொண்டு நிண்டினம். புத்தர் வந்துதான் தீர்த்து வைச்சவர். மாமனும் மருமகனும் சொத்துக்கு அடிபடுறது எங்கடை பக்கத்துக்குப் புதுசு இல்லை எண்டது இதிலை தெரியுது. ஆனால் முடிவைப் பாரும். கதிரையை இரண்டு பேரும் புத்தருக்கே குடுத்தினம். அவர் அதை அங்கையே கும்பிட வைச்சிட்டுப் போட்டார். இந்தக் காலத்து அப்புக்காத்துமார் எண்டால் கதிரையும் போயிருக்கும், காணியும் போயிருக்கும், வழக்கு மட்டும் மிஞ்சியிருக்கும். உம்மடை குஞ்சியப்புவும் உம்மடை அப்பாவும் அந்த ஒரு முழ வேலிக்காக எத்தினை வருசமாய்க் கதைக்கிறேல்லை? இரண்டு பேரையும் ஒரு வாங்கிலை இருத்தி இந்தக் கதையைச் சொல்லும். நான் சொன்னதெண்டு சொல்லாதேயும்.

சாப்பாட்டுக் கணக்குக்கு வாறன். அம்மனைக் கும்பிடுற நாளிலை துண்டிலை நண்டுக்கறி என்னத்துக்கு? காலமை திருநீறு, மத்தியானம் ஓடு உடைக்கிறது. அம்மன் மன்னிச்சாலும் ஆச்சி மன்னிக்கமாட்டா. நயினாதீவிலை அமுதசுரபி எண்ட பேரிலையே அன்னதான மண்டபம் இருக்கு. மணிமேகலை அமுதசுரபியை எடுத்த மணிபல்லவம் இதுதான் எண்டு சொல்லுறவையும் இருக்கினம். ஆக, அங்கை போற நாளிலை விடியப்பறம் மூண்டு மணிக்கு எழும்பிப் பத்துப் பேருக்குச் சோத்துப் பார்சல் கட்டச்சொல்லி உம்மடை மனிசியை ஆக்கினைப்படுத்தாதேயும். சனத்தோடை சனமாய் நிலத்திலை இருந்து சாப்பிடுங்கோ. பாரிசுப் பிள்ளையள் சம்மணம் கட்டேலாமல் நெளியிறதைப் பாக்கிறதே ஒரு தனி விருந்து. சாப்பிட்ட பிறகு உண்டியலிலை ஏதும் போடும்படி மச்சானுக்குக் கண் காட்டும். அவர் படம் எடுத்துக்கொண்டு நிப்பார், மறந்துபோகும்.

பொடியள் கூட, ஆச்சி வரேல்லை எண்டால் நெடுந்தீவு. அது ஐம்பது சதுரக் கிலோமீற்றர் வரும். நடந்து பாப்பம் எண்டு வீரம் கதைச்சால் வெயில் அடிச்சு விழுத்தும். மாவிலித்துறையிலை இறங்கினவுடனை ஓட்டோவோ பட்டாவோ பேசுங்கோ, ஏறமுதல் விலையையும் பேசுங்கோ. வேலியைப் பாருங்கோ. எங்கடை பக்கம் கிடுகு, தகரம், மதில். அங்கை முருகைக்கல்லை ஒண்டுக்குமேல் ஒண்டாய் அடுக்கி விட்டிருக்கினம், சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை. எத்தினை சோளகம் பாத்தும் நிக்குது. பறங்கி இந்தத் தீவைப் பசுத்தீவு எண்டு சொன்னவன், மாடு அவ்வளவு. குதிரையும் பறங்கி, ஒல்லாந்தன் காலத்து வம்சம். 19ஆம் நூற்றாண்டின்ரை துவக்கத்திலை நோலன் எண்ட வெள்ளைக்கார அதிகாரி குதிரை வளக்கிறதையே ஒரு உத்தியோகமாய்ச் செய்தவர். இப்ப அதுகளுக்கு எசமான் இல்லை, தரவையிலை கூட்டமாய் மேயும். கோடையிலை தண்ணி வத்தினால் சாகும். ‘ஒருக்கால் ஏறிப் பாக்கட்டோ?’ எண்டு உம்மடை இளையவன் கேப்பான். கேக்கட்டும். குதிரை சம்மதிக்காது.

பெருக்குமரத்தைக் காட்டும். ஆபிரிக்காவிலை நிக்கிற மரம். அரபிக் கப்பல்காரர் கொண்டந்தது எண்டு கதை. அடிமரப் பொந்துக்குள்ளை ஆள் போய் நிக்கலாம். பெரியக்காவை உள்ளுக்கை விடமுதல், வெளியிலை எடுக்கிறதுக்கும் ஆள் நிக்குதோ எண்டு பாத்துக்கொள்ளும். பேந்து புறாக்கூடு, பழைய கோட்டையின்ரை இடிபாடு, பாறையிலை ஒரு பெரிய பாதம். ஆதாமின்ரை எண்டு ஒருத்தன், அனுமாரின்ரை எண்டு இன்னொருத்தன். வளருற கல் எண்டும் ஒண்டு இருக்கு, பூ வைச்சுக் கும்பிடுவினம். அளவுநாடாவோடை போக நினையாதேயும்; வாத்திமார் போற இடத்திலை எல்லாம் கணக்குப் பாக்கக்கூடாது. தொப்பி, குடிதண்ணி, சின்னப் பிள்ளையளுக்கு மாத்துடுப்பு, இது மூண்டும் இல்லாமல் படகேறாதேயுங்கோ. அங்கை நல்ல தண்ணி எண்டது சும்மா வாறதில்லை. அவை உங்களுக்குச் செம்பிலை தண்ணி தந்தால், எங்கடை மெசின் தண்ணி நினைப்பிலை அதிலை கால் கழுவாதேயுங்கோ.

நெடுந்தீவுப் படகு எண்டால் ஒரு பேரைச் சொல்லாமல் கடந்துபோகேலாது. குமுதினி. 1985 மே 15, நெடுந்தீவிலை இருந்து வெளிக்கிட்ட அந்தப் படகை நடுக்கடலிலை மறிச்சு, குழந்தை, கிழவி எண்டு பாராமல் இருபதுக்கு மேற்பட்ட சனத்தை வெட்டிக் கொண்டாங்கள். மாவிலித்துறையிலை நினைவுத்தூபி நிக்குது. பேந்து அதே படகைத் திருத்தி எடுத்து, அதே சனம் அதிலையே ஏறி, ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் சந்தைக்கும் வருசக்கணக்காய்ப் போய் வந்தது. எல்லாத்தையும் பகிடி பண்ணுற ஆள்தான் நான். இதிலை பகிடி இல்லை. தூபியடியிலை செல்ஃபி எண்டு ஆரும் நிண்டால், போனை வாங்கி உம்மடை சட்டைப்பைக்குள்ளை வையும்.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வாறன். நீங்கள் போறது உல்லாசப் பயணம். அந்தப் படகிலை மற்ற வாங்கிலை இருக்கிற மனுசனுக்கு அது பஸ். வடதாரகை, நெடுந்தாரகை எண்டு பேர் எவ்வளவு வடிவாய் வைச்சாலும், அவனுக்கு அது ஆஸ்பத்திரிக்குப் போற பஸ், காஸ் சிலிண்டர் ஏத்துற பஸ், உம்மைப்போலை ஒரு வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குப் போற பஸ். எங்கடை ஆக்கள் ‘தீவார்’ எண்டு வாயைக் கோணிச் சொல்லுற ஒரு பழக்கம் வைச்சிருக்கினம். கலியாணம் பேசேக்கை கேட்டிருப்பீர். அந்தத் தீவார் சோளகத்திலையும் வாடையிலையும் ஏறி இறங்குற படகிலை, நாங்கள் ஒரு நாள் ஏறிச் சத்தி எடுத்திட்டு வந்து ஒரு மாசம் கதை சொல்லுவம். ஆகையாலை, நீங்கள் பத்துப் பேரும் பாய்ஞ்சு போய் நல்ல வாங்கெல்லாம் பிடியாதேயுங்கோ. மருந்துத் துண்டோடை ஒரு கிழவி நிண்டால் முதல் எழும்பிறது உம்மடை பிள்ளையாய் இருக்கட்டும். படகு நிறைஞ்சு, உள்ளூர்ச் சனம் துறையிலை மிஞ்சினால் நீங்கள் அடுத்த படகிலை போங்கோ. உங்களுக்குப் பிந்தினால் ஒரு படம் குறையும். அவைக்குப் பிந்தினால் கிளினிக் நம்பர் போகும்.

இதை மச்சானுக்கு விளங்கப்படுத்த வேணுமெண்டால் குவாதலூப்பாலையே விளங்கப்படுத்தும். அங்கை மாரியம்மன் கோவில் பாத்தவரோ எண்டு கேளும். கரும்புத் தோட்டத்திலை அடிமை முறை 1848 இலை ஒழிய, வேலைக்கு ஆள் இல்லை எண்டு புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துத் தமிழ்ச்சனத்தை அஞ்சு வருச ஒப்பந்தத்திலை ஏத்திக்கொண்டு போனாங்கள். ஓரேலி எண்ட கப்பல் 1853 இலை மார்த்தினிக்கிலையும், 1854 டிசம்பரிலை குவாதலூப்பிலையும் முதல் ஆக்களை இறக்கினது. கனபேர் திரும்பேல்லை. மாரியம்மனும் மதுரைவீரனும் பிரெஞ்சு நாக்கிலை உருண்டு பேர் மாறிப் போனாலும், பூசை இண்டைக்கும் நடக்குது. மச்சான் கடல்குளிச்ச அந்தத் தீவிலை, எங்கடை சனம் திரும்புற படகு இல்லாமல் நிண்டது. திரும்புற படகு இருக்கிறவன் கொஞ்சம் அடக்கமாய்த்தான் இருக்கவேணும்.

வெறுங்கையோடை போகாதேயுங்கோ. நீர்வேலியிலை இருந்து போறவன் கையிலை வாழைக்குலை இல்லாட்டி ஆர் நம்புவான்? கதலியிலை ஒண்டு, இதரையிலை ஒண்டு. கனிஞ்சதாய் வேண்டாம், வானுக்குள்ளை நசியும். ஒரு நாளிலை பழுக்கிற பதத்திலை பாத்து நான் வெட்டித் தாறன். திரும்பேக்கை அங்கத்தைச் சனத்திட்டை ஏதாவது வாங்கிக்கொண்டு வாங்கோ: பனாட்டு, ஒடியல், கருவாடு. விலை பேசலாம், அழவைக்கக்கூடாது. சோடாப் போத்தலையும் பொலித்தீனையும் கொண்டுபோன பையிலையே திருப்பிக் கொண்டாருங்கோ. தீவிலை விட்டது தீவிலைதான் கிடக்கும். நகரசபை லொறி கடலிலை ஓடுறேல்லை.

கடைசியாய்க் காசுக் கதை. இதை வெளிக்கிட முதல் கதைக்க வேணும். வந்தாப்போலை கதைச்சால் அடுத்த கலியாண வீட்டிலை முகம் பாக்கேலாது. நயினாதீவு அம்மன் கோவிலிலை ஒரு கல்வெட்டு இருக்கு, நேரம் கிடைச்சால் தேடிப் பாரும். 12ஆம் நூற்றாண்டிலை பொலனறுவையிலை இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு தமிழிலை வெட்டுவிச்சது, பேராசிரியர் கா. இந்திரபாலா வாசிச்சு வெளியிட்டவர். பிற தேசத்து வியாபாரியள் ஊர்காவற்றுறையிலை வந்து இறங்கவேணும், அவைக்குத் துன்பம் வரக்கூடாது எண்டு சொல்லிப்போட்டு, பங்கையும் பிரிக்குது. யானை, குதிரை கொண்டாற கப்பல் உடைஞ்சால் நாலிலை ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூண்டு பங்கு உடையவனுக்கு. வேறை சரக்குக் கப்பல் உடைஞ்சால் பாதிக்குப் பாதி. பாத்தீரோ, கப்பல் உடையமுதலே கணக்கைக் கல்லிலை வெட்டியிட்டான் மனுசன். நீங்கள் வான் காசை ஒரு கொப்பித் தாளிலையாவது எழுதுங்கோ.

உங்கடை பயணத்திலை யானை குதிரை வகை ஆர், சரக்கு வகை ஆர் எண்டு நான் சொல்லமாட்டன். யூரோ வைச்சிருக்கிறவருக்குத் தானாய் விளங்கும். பண்டாரம் ஆர் எண்டு கேட்டால், இவ்வளவு நேரம் தொண்டைத்தண்ணி வத்தப் புத்தி சொன்ன மனுசனை ஒருக்கால் நிமிந்து பாரும். நாலிலை ஒண்டெல்லாம் வேண்டாம் தம்பி. நயினாதீவுத் திருநீறு ஒரு பொட்டலம், நெடுந்தீவுப் பனாட்டு ஒரு தட்டு, அவ்வளவு காணும். ஒரு நாளுக்கு ஒரு தீவு எண்டு சொன்ன வாயாலை இரண்டு தீவுச் சாமான் கேக்கிறன் எண்டு பிடிக்கப் பாக்கிறீர், தெரியுது. திருநீறு இந்தப் பயணத்துக்கு. பனாட்டுக்கு மாசி பிறக்கட்டும், காத்து விழட்டும், அப்ப இன்னொருக்கால் வான் பேசுங்கோ. குலை இரண்டு முறையும் என்ரை கணக்கு.